இண்டூரில் உடைந்த கருங்கோட்டை

எங்கள் வட்டத்தில் எட்டு மாதமாக ஒரே சண்டை: எந்தச் சாகசத்தைக் கிளாசிக் என்று சொல்வது? இந்தச் சுற்றிதழைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. பெங்களூரில் நாங்கள் ஏழு பேர் ஞாயிறுதோறும் பகடை உருட்டிக் கதை ஆட்டம் ஆடுகிறோம். ஒருவர் கோட்டை, குகை, பூதம் எல்லாம் எழுதி, வரைபடம் போட்டு ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் வீரர்களாகவோ மந்திரவாதிகளாகவோ அதற்குள் புகுந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். அப்படி எழுதி வைப்பதற்குப் பெயர்தான் சாகசம்.

நான் எழுதியது 'கருங்கோட்டை'. அறுபத்திரண்டு பக்கம், ஏழு மாத வேலை. அதை ஸ்டென்சில் வெட்டிப் படியெடுத்து எல்லோருக்கும் அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது, இதழைக் கவனிக்கும் பிரகாஷ் ஒரு நிபந்தனை போட்டார். "நமக்குள்ள ஆடினா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். இந்த ஆட்டத்தையே பார்க்காத மூணு பேரோட ஆடிட்டு வாங்க. அங்கயும் நின்னா அடிச்சிடலாம்." அது நியாயமான நிபந்தனை. எரிச்சலே அதனால்தான்.

எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட மூன்று பேர் இண்டூரில் இருந்தார்கள். என் பெரியம்மா மகள் சகாயம் அக்கா, அவள் கணவர் ஆரோக்கியம் மாமா, மாமாவின் தங்கை ஸ்டெல்லா. மாமா மூன்று ஏக்கர் விவசாயம் பார்க்கிறார். ஸ்டெல்லா தருமபுரியில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

எண்பத்தேழு மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை 6.10க்குப் பெங்களூரில் பஸ் ஏறினேன். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர், கட்டணம் பதினாறு ரூபாய். தருமபுரி வந்து சேர்ந்தபோது 10.05. அங்கிருந்து இண்டூர் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அதற்காக ஒரு மணி பத்து நிமிடம் நின்றேன். இண்டூர் வழியாகப் போகும் பென்னாகரம் வண்டி எப்போது வரும் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் "வந்துரும்ங்க" என்றார்கள். எப்போது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் வந்த வண்டியில் ஒன்றரை ரூபாய் டிக்கெட். பக்கத்தில் இருந்தவர் என் கையிலிருந்த சார்ட் பேப்பர் சுருளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அளவைக்கு வந்திருக்கீங்களா? எங்க பக்கம் ரோடு வருதுங்களா?"

"இல்லைங்க. இது ஒரு கோட்டையோட படம்."

"எந்த ஊர்க் கோட்டைங்க?"

"இல்லாத கோட்டைங்க."

நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

சாப்பாடு முடிந்து இரண்டரைக்கு உட்கார்ந்தோம். கதையைச் சொன்னேன். கருங்கோட்டையில் நாற்பது பூதங்கள். கீழே இருக்கும் ஊரின் அறுபது மாடுகளை அவை ஓட்டிக்கொண்டு போய்விட்டன. அவற்றை மீட்க வேண்டும். உள்ளே, தெரியாமல் மிதித்தால் சிக்கவைக்கும் பதினொரு பொறிகள் உண்டு. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

"கோட்டை வாசல் தெறந்து கெடக்குது. உள்ள இருட்டு. என்ன பண்றீங்க?"

"நான் உள்ள வரல," என்றாள் அக்கா.

"அக்கா, நீ வீரன்."

"வீரன்னா தெரியாத வூட்டுக்குள்ள பூந்துருவானா? நான் வெளியில மாட்டப் பாத்துக்கறேன்."

"மாடு உள்ளதான் இருக்குது."

"வந்ததும் பாத்துக்கறேன்."

மாமா படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "அறுபது மாட்டுக்குத் தண்ணி எங்க பாப்பா? கெணறு ஒண்ணும் காணோமே."

"அது மந்திரக் கோட்டை மாமா."

"மந்திரம்னா சமையல்கட்டு எதுக்குப் போட்டிருக்கற?"

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். சமையல்கட்டை மூன்று நாள் யோசித்து வரைந்திருந்தேன். பொறிகளில் ஒன்று, நெருப்பைக் கக்குவது, அங்கேதான் இருக்கிறது. அவசரத்தில், மேற்கே மலைமேல் ஓர் ஊற்று இருக்கிறது, அதிலிருந்து கால்வாய் உள்ளே போகிறது என்று பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். மாமா அந்தப் பென்சில் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த நாற்பது நிமிடத்தில் என் சாகசம் முடிந்தது. மூவரும் மலையேறி, கல்லும் மண்ணும் போட்டு வாய்க்காலை ஊர்ப்பக்கம் திருப்பிவிட்டார்கள். "நாலு நாள் காத்திருக்கறோம்," என்றார் மாமா. நாலு நாள் காத்திருப்பது இந்த ஆட்டத்தில் ஒரு வாக்கியம்தான். எந்த விதியாலும் தடுக்க முடியாது. அக்கா இதற்கிடையில் பால் கறக்க எழுந்து போய்விட்டு வந்தாள். பகடை ஒன்று ராகி மூட்டைக்குள் விழுந்து காணாமல் போனது. யாரும் அதைத் தேடவில்லை, தேவைப்படவும் இல்லை.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். திடீரென்று நிலம் ஆடுகிறது, நீங்கள் போட்ட கரை இடிகிறது என்று சொன்னேன்.

ஸ்டெல்லா என் தாள்களைக் காட்டினாள். "இது அதுல எழுதியிருக்குதாங்க்கா?"

"இல்ல."

"நாங்க கட்டுன கரைய இடிக்கறதுக்குன்னே ஆடுச்சாக்கும்," என்றார் மாமா. கோபப்படவில்லை. சீட்டாட்டத்தில் சீட்டை மறைத்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் நிலநடுக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நான்காம் நாள் பூதங்களின் தலைவன் வெளியே வந்தான். அறுபத்திரண்டு பக்கத்தில் அவன் வெளியே வரும் இடமே கிடையாது. அவனுக்கு என்ன வேண்டும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. ஸ்டெல்லா பேச ஆரம்பித்தாள். மாடுகளைத் திருப்பிக் கொடுத்தால் முறைத்தண்ணி விடலாம், வாரத்தில் நாலு நாள் ஊருக்கு, மூணு நாள் கோட்டைக்கு என்றாள். தலைவனாக நான் மறுத்தேன். நாற்பது வாய்க்கு மூன்று நாள் போதாது என்றேன். மிரட்டினேன், பிறகு கெஞ்சினேன்.

"ஞாயித்துக்கெழம யாருக்கு?" என்றாள் அக்கா.

"பூதத்துக்கு என்ன, கோயிலா குளமா. ஞாயித்துக்கெழமய அதுங்களே எடுத்துக்கட்டும்," என்றார் மாமா.

மணி பார்த்தபோது ஐந்தரை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாளைத் திருப்பாமல் பேரம் பேசியிருக்கிறேன். அவ்வளவு நேரமும் எனக்கு எரிச்சல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வந்தது, இரண்டு மடங்காக.

திரும்பும் வழியில் இதைத்தான் யோசித்தேன். அசையாத கதையும் புத்திசாலித்தனமான பொறிகளும் சேர்ந்தால் கிளாசிக் என்று எட்டு மாதமாக வாதாடியவள் நான். அப்படிப்பட்ட சாகசத்தில் ஆடுபவர்களுக்கு ஒரே வேலைதான்: எழுதியவள் போட்ட வழியில் நடப்பது. அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டால் கோட்டை செத்துவிடுகிறது. வீரர்கள் வராவிட்டாலும் அங்கே யாரோ சமைத்துக்கொண்டும், எதற்கோ பயந்துகொண்டும், எதையோ விரும்பிக்கொண்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இடமே அல்ல, வெறும் பொறிகளின் வரிசை. இதெல்லாம் சரிதான். ஆனாலும் பதினொன்றில் ஒரு பொறியையாவது மாமா மிதித்திருக்கலாம்.

பிரகாஷிடம் நடந்ததைச் சொன்னேன். தண்ணீருக்கு ஒரு பக்கம் சேர்த்தால் போதும், அச்சடிக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். நிபந்தனைப்படி அது நிற்கவில்லை. ஆகவே கருங்கோட்டை இந்த இதழில் வராது.

உங்கள் சாகசத்தை வெளியூர் எடுத்துப்போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பெங்களூரில் ஆறு மணிக்கு முன்பே கிளம்புங்கள். வெயில் ஏறிவிட்டால் தருமபுரி பஸ் நிலையத்தில் நிற்க நிழல் கிடைப்பது கஷ்டம். சனிக்கிழமை மதியம் ஆடுங்கள்; ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடியும்வரை யாரும் கிடைக்க மாட்டார்கள். பகடை இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். முக்கியமாக, எதையும் அவசரப்பட்டுப் படத்தில் வரையாதீர்கள்.

ஞாயிறு பகல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஸ்டெல்லா கூடவே வந்தாள். விடுதிப் பெண்களோடு ஆடிப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அறுபத்திரண்டு பக்கத்தையும் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"எழுதுனது வேணாங்க்கா," என்றாள். "படம் மட்டும் போதும்."

கொடுத்துவிட்டேன். போன வாரம் அவளிடமிருந்து இன்லண்ட் கடிதம் வந்தது. எட்டுப் பேர் ஆடுகிறார்களாம். ஆட்டம் இன்னும் முடியவில்லையாம். பூதங்களின் தலைவனுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாளாம். கோட்டையை யார் எழுதியது என்று யாராவது கேட்டார்களா என்று நான் கேட்டிருந்தேன். இதுவரை யாரும் கேட்கவில்லை என்று பதில் எழுதியிருக்கிறாள்.