பிரெஞ்சுக்காரர் பெண்டாட்டி

என் கணவர் காரைக்காலில் பிறந்தவர். நான் பினாங்கில் பிறந்தவள். கலியாணத்தின்போது அது யாருக்கும் ஒரு விஷயமாகப் படவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே தமிழ், ஒரே ஜெபம். காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஆளும் ஊர் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அதனாலேயே அவரும் பிரெஞ்சுக்காரர் ஆகிவிடுவார் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். நாங்கள் என் அம்மா வீட்டில்தான் குடியிருந்தோம். பாரிசவாயு வந்து அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நான் ஒரே பிள்ளை. அம்மாவைக் குளிப்பாட்டத் தூக்க வேண்டுமென்றால் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

அவருடைய அப்பா சாகக் கிடப்பதாகக் கடிதம் வந்ததும், அடக்கம் முடிந்த கையோடு திரும்பிவிடுவதாகச் சொல்லிக் கப்பல் ஏறினார். அவர் அங்கே இருந்தபோதுதான் இங்கே சட்டம் இறுகியது. வேறு தேசத்துப் பிரஜைகள் முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்காமல் கரை இறங்கக் கூடாதாம். அது சீனர்களுக்கான சட்டம் என்றுதான் மாதா கோயில் வாசலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு, அவருடைய சட்டைகளைத் துவைத்து வைத்தேன்.

அவர் ஏறியிருந்த நாகப்பட்டினத்துக் கப்பல் வந்தது. பிரிட்டிஷ் பிரஜைகளான மற்ற ஜனங்களை நோய்ச் சோதனைக்காக ஜெரெஜாக் தீவில் இறக்கினார்கள். அவரை இறக்கவில்லை. செய்தி தெரிந்ததும் ஒரு சீனக் கிழவரின் சம்பான் படகைப் பேசிக்கொண்டு கப்பலடிக்குப் போனேன். மேல்தட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். இளைத்திருந்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று கீழிருந்து கேட்டேன்.

"சீட்டு இல்லையாம். இதே கப்பல்லயே திருப்பி அனுப்புறாங்களாம்."

 அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டார். கயிற்றில் ஒரு மூட்டையைக் கட்டி இறக்கினார். கருவாடும், எனக்கொரு சேலையும். நான் கொண்டுபோன சோற்றுத் தூக்கை அதே கயிற்றில் ஏற்றிவிட்டேன். தூக்கைத் திருப்பி வாங்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அலையில் சம்பான் நிற்காமல் ஆடியது. கிழவர் துடுப்பைப் போட்டுப் போட்டு, எனக்காக எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்.

மறு வாரம், கலியாணப் பத்திரத்தோடும் கோயில் சாமியார் எழுதிக் கொடுத்த தாளோடும் குடிநுழைவு ஆபீசுக்குப் போனேன். நான் இந்த ஊரில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜை, என் புருஷனை என்னோடு சேர்த்து வையுங்கள் என்பதுதான் மனு. வெள்ளைக்காரத் துரை பொறுமையாகவே படித்தார். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துக் கிராணியிடம், அந்த ஆபீஸ் குமாஸ்தாவிடம், ஏதோ சொன்னார். சிறிய வாக்கியம்தான். கிராணி அதை உடனே மொழிபெயர்க்கவில்லை.

"தங்கச்சி," என்றார் பிறகு, "அந்நியரைக் கலியாணம் செய்தபடியால் நீங்களும் அந்நியர்தானாம். பிரிட்டிஷ் பிரஜை இல்லையாம்."

"நான் இங்க பக்கத்துத் தெருவுலதான் பொறந்தேன்."

"எனக்குத் தெரியும். துரைக்கும் தெரியும்."

அந்நியர் கூப்பிட்டு அந்நியர் வர முடியாது. அவர் வரவேண்டுமென்றால் மற்ற அந்நியர்களைப் போல, மாதத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நான் ஊரைவிட்டுப் போனால், திரும்பி வர எனக்கும் அதே கதிதான். இதையெல்லாம் கிராணி வாசல்வரை கூடவே வந்து சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். வெளியே வந்து ரிக்‌ஷாக்காரனிடம் எங்கள் தெருவின் பெயரைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

காரைக்காலிலேயே ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்துவிட்டதாக அவர் எழுதினார். நீ வந்துவிடு என்றார். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு வாய் கோணியிருந்தது, ஆனாலும் "போ" என்று தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, நல்ல கையால் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போகிறேன் என்றும் நான் முடிவு செய்யவில்லை, போகவில்லை என்றும் செய்யவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணைத் துணைக்கு அழைத்து அம்மாவைக் குளிப்பாட்டினேன். தையல் வேலை எடுத்துச் செய்தேன். அவருடைய கடிதங்கள் வர வர உடம்பு விசாரிப்பு, மழை, வேலை என்று சுருங்கிவிட்டன. என்னுடையவையும் அப்படித்தான். வருவதைப் பற்றி இருவரும் எழுதுவதை நிறுத்திக்கொண்டோம்.

மனு மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் இல்லை என்றுதான் பதில். பிறகு பிறகு, நான் தெருமுனையில் வரும்போதே அந்தக் கிராணி என்னைச் சன்னலிலிருந்து பார்த்துவிடுவார். படி ஏறிச் சிரமப்பட வேண்டாம் என்று அங்கிருந்தே தலையை அசைப்பார். அவர் நல்ல மனிதர். நான் குடையை மடக்காமலே திரும்பி நடப்பேன்.