நோன்பு நாளில் நக்கிய எலும்பு

எலும்பா, கல்லா என்று சந்தேகம் வந்தால் என் தொழிலில் இருப்பவர்கள் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கல் என்றால் வழுக்கும். பழைய எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால் அது நாக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. ஆனால் முழங்கால் சேற்றில் நிற்கும்போது நாக்குத்தான் கைவசம் இருக்கும்.

நான் உயிர்ச்சுவடுகளை, அதாவது மண்ணில் புதைந்து கல்லாகிப்போன பழைய உயிர்களின் மிச்சங்களை, படிப்பவள். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கம் தேடித் தோண்டுகிறவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிப் போடும் எலும்பும் பல்லும்தான் என் பிழைப்பு. ஒரு காலத்தில் இலங்கையில் நீர்யானையும் காண்டாமிருகமும் திரிந்தன. இதை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதனால் பல்கலைக்கழக வேலை போக, தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை நேரலையில் வந்து கதைக்கிறேன். வீதியில் என்னைக் கண்டால் பிள்ளைகள் "நீர்யானை மிஸ்" என்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

உம்மாவுக்கு அந்தப் பெருமை இல்லை. நான் மருத்துவம் படிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவ அவ. யாராவது விசாரித்தால், "மகள் கெம்பஸ்ல படிப்பிக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவா. ஒரேயொரு தடவை வாய் தவறி, "எலும்பு சம்பந்தமான படிப்பு" என்று சொல்லிவிட்டா. மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு மாமி முழங்கால் வலியோடு வந்து உட்கார்ந்துவிட்டா. நான் பார்ப்பது செத்த மிருகங்களின் எலும்பை என்று விளங்கப்படுத்துவதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அதோடு எலும்பு என்ற சொல்லையே உம்மா விட்டுவிட்டா.

நாட்டின் பல ஊர்களில் உயிர்ச்சுவடுக் கண்காட்சி வைத்திருக்கிறேன். சாய்ந்தமருதில், நான் பிறந்து வளர்ந்த ஊரில், ஒன்றும் வைத்ததில்லை. இந்த வருடம்தான் இங்குள்ள பெண்கள் பாடசாலை ஒன்று நோன்புப் பெருநாளைக்குப் பிறகு மண்டபத்தைத் தரச் சம்மதித்தது. நோன்புக்கு வீட்டுக்கு வந்தபோது பெட்டி நிறைய எலும்புகளையும் கொண்டு வந்திருந்தேன். அந்த வார நேரலையை எங்கள் முற்றத்திலிருந்தே செய்வதாக ஏற்பாடு. போனைப் பிடிக்க ஆளில்லாததால் உம்மாவையே பிடிக்கச் சொன்னேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. காற்றுக்கு முந்தானை பறக்க, உம்மாவும் போனை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தா. திருக்கோவிலிலிருந்து ஒருவர் அழைத்து, "மிஸ், எங்கட கடற்கரையிலயும் இப்படிக் கன சாமான் கிடக்கு. எலும்பா கல்லா எண்டு எப்படிப் பார்க்கிற?" என்று கேட்டார். இப்படிக் கேள்வி கேட்கும் ஆளைக் கண்டால் எனக்குக் கை கால் நிற்காது. "இப்படித்தான்" என்று சொல்லி, நீர்யானை எலும்புத் துண்டை எடுத்து நாக்கில் ஒட்டிக் காட்டினேன். அது சொன்னபடி பிடித்துக்கொண்டு தொங்கியது. அப்போதுதான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"நோன்பு, மகள்" என்றா உம்மா. அதுவும் நேரலையில் போனது.

அன்று நோன்பு திறப்பதற்குள் அந்தத் துண்டு வீடியோ கல்முனை தாண்டிப் போய்விட்டது. மீன் விற்கிறவர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "டொக்டர் ராத்தா, சுறா முள்ளு இரிக்கி, நக்கிப் பார்க்கத் தரவா?" என்று கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மறுநாள் பாடசாலை நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் அழைத்து, பெற்றோர் சிலர் முணுமுணுக்கிறார்கள், நோன்போடு இப்படிச் செய்தவவுக்கு மண்டபம் கொடுப்பதா என்கிறார்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று பார்த்த எலும்பை என் ஊருக்குக் காட்ட முடியாதா என்று கோபம் கோபமாக வந்தது. கோபம் வந்தால் நான் பொருட்களை அடுக்கத் தொடங்கிவிடுவேன். எலும்புகளை ஒவ்வொன்றாகச் சுற்றித் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தேன். உம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

நோன்பு மாதத்தில் அஸர் தொழுகை முடிந்த பின்னேரத்தில் எங்கள் பக்கத்து மௌலவி ஒருவர் இணையத்தில் நேரலையாக மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். பெண்கள்தான் அதிகம் அழைப்பார்கள். யாரும் பெயர் சொல்வதில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். அன்றும் அது என் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"மௌலவி, கஞ்சி காச்சக்குள்ள உப்புப் பார்க்க நாக்கு நுனியில ஒரு சொட்டு வச்சித் துப்புறம். நோன்பு முறியுமா?" என்று அடுப்படியில் உம்மாவின் குரல் கேட்டது. சற்றுப் பிந்தி அதே குரல் என் கையிலிருந்த போனிலும் வந்தது.

"விழுங்கல்லண்டா முறியாது உம்மா. தேவைக்குத்தானே பார்க்கிறீங்க."

"எலும்ப வச்சிப் பார்த்தாலும் அப்படித்தானா?"

மௌலவி சிரித்துவிட்டார். "அந்த வீடியோவ நானும் பார்த்தன். நீர்யானைக்கும் அதே சட்டம்தான் உம்மா. அந்தப் புள்ள ஒண்டையும் விழுங்கல்லயே. அவட தொழில் அது."

இந்த ஒரு பதிலே போதுமாக இருந்தது. நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு முன்னமே குழுவிலிருந்து அழைத்து, மண்டபத்தில் எத்தனை மேசை போட வேண்டும் என்று கேட்டார்கள். அது பிறகு. அந்த நேரம், பதில் கிடைத்த பிறகும் உம்மா போனை வைக்கவில்லை. மௌலவியும் சிரிப்பு அடங்காமலே, "யாரு உம்மா கதைக்கிற?" என்று கேட்டுவிட்டார்.

எங்கள் தெருவில் யாரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார்கள். உம்மாவும் வைத்துவிடுவா என்றுதான் நினைத்தேன்.

"அந்த எலும்ப நக்கினவட உம்மாதான் நான். என்ட மகள் எலும்பு ஆராய்ச்சி செய்றவ. பெருநாளைக்குப் பிறகு எல்லாரும் வந்து பாருங்க."

உம்மா சொன்னது அடுப்படியிலிருந்து ஒருமுறை என் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஊருக்கே கேட்கும்படி, போனில் இன்னொரு முறை கேட்டேன்.