கேள்வி என்று மட்டும் தெரிந்தது

அந்தத் தட்டச்சு இயந்திரத்தில் தலைகீழான e கிடையாது. 'அபவுட்' என்ற ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில், வாய் முழுதாகத் திறக்காமல் நழுவி விழும் ஒலிக்கு அதுதான் குறி. அந்த இடங்களை வெற்றாக விட்டுக்கொண்டே பக்கம் முழுவதையும் அடித்துமுடிப்பேன். பிறகு தாளை உருவி, தலைகீழாகச் செருகி, உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு வெற்றிடத்திலும் ஒரு e-யை இறக்குவேன். தாளை நிமிர்த்தினால் அந்த e-க்கள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். c-யையும் v-யையும் இப்படியே கவிழ்த்து இன்னும் இரண்டு ஒலிகளைப் பெற்றுவிடலாம். எதைக் கவிழ்த்தாலும் கிடைக்காத குறிகளைக் கறுப்பு மையால் கையாலேயே எழுத வேண்டும். தாள் படபடத்தால் மை ஈஷிக்கொள்ளும் என்பதால் அது காயும்வரை மின்விசிறி கூடாது. ஹைதராபாத் ஏப்ரலில் அது சின்ன விஷயமில்லை.

எழுபதுகளில் அங்கே ஒரு மொழிப் பயிற்சி நிலையத்தின் ஒலியியல் பிரிவில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. ஆங்கில ஆசிரியர்களின் உச்சரிப்பைப் பதிவு செய்து ஆராயும் இடம் அது. "பேசறத எழுதறதுக்கு ஒரு ஆபீசா?" என்று திருமுல்கேரி வீட்டில் அப்பா ஆச்சரியப்பட்டார். பிறகு அவரே, ஹைதராபாத் உருது கலந்து, "காய்கு ஃபிகர், என்ன கவலை? சம்பளம் கவர்மெண்ட் குடுக்குது" என்று சமாதானமும் செய்துகொண்டார். பிரிவின் பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் ரீடர் சார் என்பார்கள். ரீடர் என்பது அவர் பதவி, பேராசிரியருக்கு ஒரு படி கீழே. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆனால் அவருடைய ஆங்கிலத்தை மட்டும் கேட்டால் எந்த ஊர்க்காரர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒலிநாடாவை ஓட்டி, நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, மறுபடி ஓட்டி, கேட்டதைக் குறிகளாகப் பென்சிலில் எழுதித் தருவார். நான் அடித்துக்கொடுத்ததை ஒரு பார்வை பார்த்து, தவறிய இடத்தில் சின்னதாக ஒரு கோடு இழுப்பார். "என்ன சொல்றாங்கன்னு யோசிக்காதீங்க, என்ன சத்தம் வருதுன்னு மட்டும் கேளுங்க" என்பது அவர் அடிக்கடி சொன்னது. அர்த்தத்தின் பின்னால் போனால் காது ஏமாந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. சில ஆண்டுகளில் என் காதும் அப்படிப் பழகியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் பேசுகிறவர்களின் சண்டை மனதில் ஏறாது, அவர்கள் குரல் ஏறி இறங்கும் விதம்தான் ஏறும்.

ஒரு மழைக்கால முற்பகலில், வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது ரீடர் சார் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் மரத்துப்போயின. பேச்சு போய்விட்டது என்றுதான் முதலில் சொன்னார்கள். முழுதாகப் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து ஹப்சிகுடா வீட்டுக்குத் திரும்பியபோது அவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. அதுவும் எந்த மொழியிலும் இல்லாத சொல். "ததீனோ." பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். மூளையில் சொற்கள் இருக்கும் இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒன்று மட்டும் ஒட்டிக்கொள்ளும் என்றும், மற்றவை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

அவருடைய மனைவியை நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து, என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். "நீ அவரு எழுத்தத்தான இத்தன வருசம் அடிச்ச. அவருக்கு இருக்க காது உனக்கும் இருக்கும்லா. ஒரு தடவ வந்து கேட்டுப் பாரேன், பிள்ள. என்னமோ சொல்லிக்கிட்டேதான் இருக்காரு. எனக்குத்தான் ஒண்ணும் பிடிபடல." எங்கள் குறிகளுக்கும் அர்த்தத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வருகிறேன் என்றேன்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்வேன். ஒலிகள் மாறாது, ஆனால் குரல் மாறும். ஏறினால் மேல்நோக்கி ஒரு சாய்கோடு, இறங்கினால் கீழ்நோக்கி ஒன்று என்று எங்கள் வேலையில் அதற்கும் குறி உண்டு. அந்தக் கோடுகளைப் போடப் போடத்தான் எனக்குப் புரிந்தது, அவர் வெறுமனே உளறவில்லை. கேள்வி கேட்டார். மறுத்தார். குறைபட்டுக்கொண்டார். தெலுங்கு பேசும் வேலைக்காரம்மாவிடம் அந்த ஒரே சொல்லைத் தெலுங்கு இழுப்போடு சொன்னார். நிலையத்திலிருந்து பழைய சகாக்கள் பார்க்க வந்த அன்று, "ததீனோ, ததீனோ" என்று மாசற்ற ஆங்கில ராகத்தில் நெடுநேரம் பேசினார், நடுவில் ஒரு நகைச்சுவைகூடச் சொன்னார் போலிருந்தது. வந்தவர்கள் அந்த இடத்தில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

நான் கண்டுபிடித்ததை ஆன்ட்டியிடம் சொன்னேன். "இப்ப கேக்கிறது கேள்வி ஆன்ட்டி. கடைசியில குரல் ஏறுது பாருங்க."

"கேள்விதான்னு எனக்கும் தெரியுது, பிள்ள. என்ன கேள்வி?"

நான் தாளில் மேல்நோக்கி இன்னொரு சாய்கோடு போட்டேன்.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, முந்தைய வாரம் குறித்ததை அழகாக அடித்து எடுத்துப் போயிருந்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்டால், வேறு என்ன செய்வது என்று தெரியாததால்தான். தாளை அவர் மடியில் வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். 'தீ' நெடில் என்று காட்ட நான் போட்டிருந்த இரண்டு புள்ளிகளின் மேல் சின்னதாக ஒரு கோடு இழுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ததினோ" என்றார். அவர் சொன்னது சரி. எப்போதோ அந்த ஒலி குறுகிவிட்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

ஆன்ட்டி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்கள். "பாத்தியா? அவருக்கு எல்லாம் தெரியுது." அவர்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. வெள்ளைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கைக்குக் கீழே வைத்தார்கள். "எழுதுங்க. என்ன வேணும்னு எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, இங்கிலீஷ்ல எழுதுங்க, பிள்ள வாசிச்சுச் சொல்லும்." அவர் பேனாவைத் தாளில் ஊன்றினார். முனை நின்ற இடத்திலேயே நின்றது, மை ஊறிப் பரவியது. எழுத்து வரவில்லை. நான் குறிகளின் அட்டவணையைக் காட்டி ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னேன். அதையும் வெறுமனே பார்த்தார். சத்தத்தில் இருந்த பிழை அவருக்குத் தெரிந்தது, அந்தச் சத்தத்துக்குள் தான் வைத்து அனுப்பிய சொல் என்னவென்று அவராலேயே எடுத்துக் காட்ட முடியவில்லை. பேனாவைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆன்ட்டி அவர் முதுகைத் தடவியபடி, "வேண்டாம், எழுத வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் குறித்துக்கொள்வதை விட்டுவிட்டேன். போவேன், ஆன்ட்டி தரும் காப்பியைக் குடிப்பேன், அவர் கேட்பதற்கு ஏதாவது சொல்வேன். நிலையத்தில் புது ஒலிப்பதிவுக் கருவி வந்தது, தார்நாகா சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது இல்லை என்பதுபோல் குரலை இறக்கி "ததினோ" என்பார். அப்படியே சில ஆண்டுகள் போயின. சொற்கள் திரும்பவில்லை.

இன்று என் கைப்பேசியிலேயே எல்லா ஒலிக்குறிகளும் இருக்கின்றன. விரலை வைத்தால் கவிழ்ந்த e வந்து நிற்கிறது. பேசினால் தானாக எழுத்தாக்கும் வசதியும் உண்டு. என் மகள் அதைக் காட்டிய அன்று, அவரை அதன் முன்னால் உட்கார்த்தியிருந்தால் என்ன எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் எழுதியதைத்தான் அதுவும் எழுதியிருக்கும்.

அந்தச் சில ஆண்டுகளுக்குப் பின் அவர் இறந்து, காரியங்கள் முடிந்ததும் ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். கட்டிலை மடக்கிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு அவர்களாகவே ஆரம்பித்தார்கள்.

"அன்னைக்குக் காலைல சன்னலப் பாத்துக்கிட்டே கேட்டாரு. கேள்விதான், அது எனக்குத் தெரியும். தண்ணியான்னேன், குரல எறக்கி இல்லன்னாரு. பம்பாய்ல இருக்க மவன வரச் சொல்லணுமான்னேன், இல்லன்னாரு. விடாம அதையே கேட்டுக்கிட்டு இருந்தாரு. பாக்கப் பாவமா இருந்துச்சு. ஆமான்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"தலைய ஆட்டிட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு. சந்தோசமா, வருத்தமான்னு மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்க முடியல. சாயங்காலம் போயிட்டாரு. எதுக்கு ஆமான்னு சொன்னேன்னு தெரியல, பிள்ள."

எப்படிக் கேட்டார் என்று சொல்லச் சொன்னேன். ஆன்ட்டி கொஞ்சம் தயங்கிவிட்டு, அவர் குரலிலேயே, கடைசி அசையை மெல்ல உயர்த்தி, "ததினோ?" என்றார்கள்.

"கேள்விதான் ஆன்ட்டி" என்றேன்.