கேரவன் வாலைப் புடிச்சிக்கினு

கேரவன்ல ஏறுறவன் மொதல்ல பெட்டுல குந்தி குதிச்சிப் பாப்பான், அப்பறம் ஏசியப் போடுவான், டாய்லெட் கதவ நாலு வாட்டி தொறந்து மூடுவான். இதுக்கெல்லாம் கரண்டு ஊத்திக்கினு வெளிய மலைப்பாம்பு மாதிரி படுத்துக் கெடக்குற ஒயர மட்டும் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். அந்த ஒயருதாங்க நம்ம பொழப்பு. ஒயரு, பைப்பு, தார்ப்பாய், கயிறுன்னு எதையாவது இழுத்துக்கினே இருக்குற அத்தன பேரும் கொஞ்சம் கிட்ட வந்து குந்துங்க. உங்களுக்குத்தான் இது புரியும்.

நானு பாலிடெக்னிக்க நடுவுலயே உட்டவன். அதுக்கப்பறம் கும்மிடிப்பூண்டியில கம்பி மில்லு, சாப்பாடு டெலிவரி, செல்போன் கடைன்னு சுத்திட்டு, காக்களூர் எஸ்டேட்டுல பாஸ்கர் அண்ணன் ஷெட்டுல வந்து நின்னேன். அண்ணன் தண்ணி லாரிக்கு டேங்க் கட்டிக்கினு இருந்தவரு. புச்சா ஒரு ஆச வந்து, ஒரு வேன வாங்கி உள்ள கட்டிலு, ஏசி, கீசர், அடுப்பு எல்லாம் வெச்சி கேரவன் ஆக்கிட்டாரு. மெட்ராஸ்ல டூர் நடத்துற சுகந்தி மேடம் வந்து பாத்தாங்க. "ஒரு சீசன் ஓட்டிப் பாக்கறேன். கரண்டு கம்ப்ளெயிண்ட் வரலன்னா இன்னும் ஆறு வண்டி உங்ககிட்டயே கட்டறேன். ஒரு தபா நடுவுல இருட்டாச்சின்னாலும், வணக்கம்"னாங்க.

ஒயரு வாங்குறது, வண்டி கூடவே போயி மாட்டுறது, கழட்டுறது எல்லாம் என் தலையில உழுந்துச்சி. ஆர்டர் வந்தா ஷெட்டுல கேரவன் செக்ஷனு, அதுக்கு நான் இன்சார்ஜு. வரலன்னா ஷெட்டு திரும்ப தண்ணி டேங்குக்குப் போய்டும், நான் திரும்ப ஊட்டுக்குப் போய்டுவேன். ஊட்ல எங்க நைனா வரவேற்புக்கு ரெடியா குந்தினு இருந்தாரு: "இதையாவது முழுசா பண்ணுவியா, இல்ல இதுவும் முக்காவாசிதானா?"

ஒயரு பாக்கும் படலம்

பாஸ்கர் அண்ணனுக்கு ஒயருன்னா ஒயரு, அவ்ளோதான். டேபிள் ஃபேனுக்குப் போறதும் கரண்டு, கேரவனுக்குப் போறதும் கரண்டு. திருவள்ளூர்ல எலக்ட்ரிகல் கடைக்குப் போனோம். சுண்டு வெரலு தடிமன்ல ஒண்ணக் காட்டி, "லேசா, அழகா கீது, இதையே வெட்டச் சொல்லு"ன்னாரு. நான் கட்ட வெரலு தடிமன்ல, கறுப்பு ரப்பரு போட்ட ஆறு ஸ்கொயர் காப்பர் கேபிளக் காட்டுனேன். அண்ணன் அத ஒரு கையில தூக்கினாரு. மூஞ்சி மாறிப்போச்சி. "டேய், வண்டிக்கி கரண்டு குடுக்கப் போறியா, இல்ல வண்டியக் கட்டி இழுக்கப் போறியா?"ன்னு கேட்டுட்டு வெளிய வந்துட்டாரு.

வாயால சொன்னா ஏறாத ஆளு அவரு. எனக்கு வாயத் தவிர வேற ஆயுதம் கெடையாது. இருந்தாலும் அன்னிக்கி வாய மூடிக்கினு, ஷெட்டு மூலையில கெடந்த பழைய சுண்டு வெரலு ஒயர எடுத்து வண்டியில மாட்டுனேன். ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு மூணுத்தயும் ஒண்ணாப் போட்டேன். "அண்ணா, ஒரு கையில டீ, ஒரு கையில ஒயரு, புடிச்சிக்கினு குடிங்க"ன்னேன். பாதி டீ கூட எறங்கல, ஒயரு சூடேறிடுச்சி. அண்ணன் கிளாசப் பாக்கறாரு, ஒயரப் பாக்கறாரு. எது டீன்னு அவருக்கே டவுட்டு வந்துடுச்சி.

அப்பறம் இன்னா, தடி ஒயரு வந்துச்சி, நீலக் கலர்ல முப்பத்திரெண்டு ஆம்ப்ஸ் பெரிய பிளக்கோட. கடையிலேந்து வண்டி வரைக்கும் தோளுல போட்டுக்கினு வந்தேன். அரிசி மூட்டையக் கூட கொஞ்சம் கொஞ்சமா சாப்ட்டு கொறைக்கலாம், இதுக்கு அந்த வழியும் இல்ல. பின்னாலேந்து அண்ணன் கொரலு: "ஒயர மட்டும் நல்லா செலக்ட் பண்றான்யா. காலேஜ அந்த மாதிரி செலக்ட் பண்ணியிருந்தா இன்னேரம் எனக்கு மேனேஜரா வந்து உசுர வாங்கியிருப்பான்!"

தேசிங்கு அண்ணன் சுட்ட முறுக்கு

நம்ம வண்டி டிரைவர் தேசிங்கு அண்ணன். சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். டேஷ்போர்டுல ஈ உக்காந்தா அதையும் தொடச்சிட்டுத்தான் பறக்க உடுவாரு. மொத ட்ரிப்பு பூண்டி ஏரிக்கி, ஒரு குடும்பம். பிளக் பாயிண்டு பக்கத்துலயே இருந்துச்சி, அதனால ஒயரு முக்காவாசி மிச்சம். நான் மாட்டிட்டு நாஷ்டா துன்னப் போய்ட்டேன். திரும்பி வந்தா தரையில ஒயரக் காணோம். மிச்ச ஒயரு எல்லாத்தயும் தேசிங்கு அண்ணன் முறுக்கு மாதிரி சுத்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, வண்டிக்கி அடியில தள்ளி வெச்சிருந்தாரு. வண்டிக்குள்ள ஏசி, கீசர், அடுப்பு எல்லாம் ஜோரா ஓடிக்கினு இருந்துச்சி. முறுக்குலேந்து ஒரு வாசன வேற வந்துச்சி. முறுக்குக்கு ரப்பர் வாசன வரக் கூடாதுல்ல?

ஓடிப்போயி சுச்ச ஆஃப் பண்ணேன். ஒயரு நீட்டிக் கெடந்தா அதும் மேல காத்து படும், சூடு போய்க்கினே இருக்கும். சுத்தி வெச்சா வெளிய இருக்குற சுத்து தப்பிச்சிக்கும், நடுவுல இருக்குறது காலையில கும்மிடிப்பூண்டி டிரெயின்ல நடுவுல மாட்டுனவன் கததான். வேர்த்து வேர்த்தே உருகிடும். தேசிங்கு அண்ணன் கையப் புடிச்சி அந்த நடுவுல வெச்சேன். "யம்மா"ன்னு கத்திக்கினு கைய ஒதறுனாரு. நல்ல வேள, ரப்பரு உருகறதுக்கு முன்னாடியே புடிச்சிட்டோம். ஒயர மொத்தமாப் பிரிச்சி புல்லு மேல வளச்சி வளச்சி பரப்பி, திரும்ப சுச்சப் போட்டேன். ஏசி நின்ன அஞ்சு நிமிஷத்துல அந்தக் குடும்பத்துல யாரும் ஒரு வார்த்த கேக்கல, வண்டிக்கி வெளிய செல்ஃபி எடுத்துக்கினு இருந்தாங்க. தேசிங்கு அண்ணன்தான் கைய ஊதிக்கினே சொன்னாரு: "அழுக்கா இருந்து திட்டு வாங்கறவன பாத்துக்கீறேன், சுத்தமா இருந்து திட்டு வாங்குனவன் நான் ஒருத்தன்தான்டா!"

பெரியபாளையத்து ஆடு

பெரியபாளையம் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், கூடவே ஒரு கெடாயும் ஓட்டிக்கினு வந்திருந்தாங்க. நான் ஒயர இழுத்துப் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள, அந்த ஊட்டுப் பெரியவரு கெடாயக் கொண்டாந்து என் ஒயருல கட்டிட்டாரு. கேட்டா, "இங்க கீறதுலயே இதான் தம்பி ஸ்ட்ராங்கா கீது"ன்னாரு. பாராட்டுதான், ஆனா கெடா ஒயர மோந்து பாத்து நாக்க வேற நீட்டுது. சுச்ச ஆஃப் பண்ணி, கெடாய அவுத்து பம்பர்ல கட்டுனேன். "கடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா பெரியவரே?"ன்னு எகிறுனேன். அவரு வெத்தலைய மென்னுக்கினே சொன்னாரு: "இன்னா ஆயிருக்கும், நாளைக்கி வெக்கற கொழம்ப இன்னிக்கே வெச்சிருப்போம்."

மீஞ்சூர் கல்யாணத்துல எர்த்து சாங்கியம்

மீஞ்சூர்ல ஒரு கல்யாண ஊடு. பொண்ணுக்கு மேக்கப் போட நம்ம கேரவன எடுத்திருந்தாங்க. பொண்ணோட பெரியப்பாதான் அங்க எல்லாம். கரண்டு எங்க எடுக்கறதுன்னு கேட்டேன். செருப்பு ஸ்டாண்டு மேல செல்லு சார்ஜ் போடுற பாயிண்டக் காட்டுனாரு. நம்ம பிளக்கு அந்த பாயிண்ட விடப் பெருசு. "அதுக்கென்ன, பிளக்க வெட்டிட்டு ஒயர ஓட்டையில சொருவி, தீக்குச்சி வெச்சி டைட் பண்ணிக்க. எங்க ஊட்டு கிரைண்டரே அப்படித்தான் ஓடுது"ன்னாரு பெருமையா. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இந்தத் தீக்குச்சிதான் ஜென்ம எதிரி. ஊரே கொளுத்துறதுக்கு தீக்குச்சி எடுத்தா, இவங்க கரண்டக் கொளுத்த எடுப்பாங்க.

"மெயின் போர்டு எங்க? மீட்டரு எங்க? பந்தலுக்கு லைட்டு போட்ட எலக்ட்ரீஷியன் எங்க? எர்த்து குழி எங்க?"ன்னு அடுக்குனேன். எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லாம்ப வெச்சிப் பாத்தாரு. எர்த்து நல்லா இருந்தா எரியணும், லாம்ப்பு எரியல. குழி எலும்பா காஞ்சி கெடந்துச்சி. "குழியில தண்ணி ஊத்துங்க"ன்னு சத்தம் குடுத்தேன். நல்ல நாளும் அதுவுமா நான் சொன்னது ஏதோ சாங்கியம்னு நெனச்சி, ஒரு அக்கா சொம்புல மஞ்சத் தண்ணி கொண்டாந்து ஊத்தி, குழியத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனாங்க. பின்னாடியே இன்னொரு அக்கா குங்குமத்தோட. அவங்கள ஓரங்கட்டிட்டு பக்கெட் பக்கெட்டா தண்ணி உட்டோம். லாம்ப்பு கண்ணத் தொறந்துச்சி. கூட நின்ன பசங்க கை தட்டிட்டானுங்க.

எலக்ட்ரீஷியன் மெயின் போர்டுலேந்து தனியா ஒரு பிரேக்கர் போட்டுக் குடுத்தாரு. ஏசி ஓடுச்சி, ஹேர் ட்ரையர் ஓடுச்சி, பொண்ணு பவுடரு கலையாம மேடைக்கிப் போச்சி. எல்லாம் முடிஞ்சி ஒயர சுத்திக்கினு இருக்கறப்ப பெரியப்பா வந்து என் தோளுல கைய வெச்சாரு: "பொண்ணு பாக்க வந்தப்ப மாப்ள ஊட்டாரு கூட இவ்ளோ கேள்வி கேக்கல தம்பி!"

பழவேற்காட்டுல ரெண்டு வண்டி

சீசன் கடைசி ட்ரிப்பு. சுகந்தி மேடமே வந்தாங்க, பார்ட்னருங்களோட. நம்ம வண்டி மட்டும் வந்திருந்தா பரவால்ல, கூடவே வேற ஒரு ஷெட்டுல கட்டுன கேரவன் ஒண்ணும் வந்துச்சி. ராத்திரிக்கி ஒரு லாட்ஜாண்ட நிறுத்தி, ரெண்டு வண்டிக்கும் லாட்ஜ் சுவத்துலேந்துதான் கரண்டு. சீலிங்குல நட்சத்திரம் மாதிரி லைட்டு, சீட்டுல மசாஜு. எந்த வண்டி தேறுதோ, ஆறு வண்டி ஆர்டர் அந்த ஷெட்டுக்கு. பார்ட்னருங்க எல்லாம் மசாஜ் சீட்ட உட்டு எழுந்திரிக்கவே இல்ல.

இதுக்கு நடுவுல எனக்கும் தேசிங்கு அண்ணனுக்கும் ஒரு பஞ்சாயத்து. கரண்டு பிளக்க சுவத்துல சொருவுனதும், வண்டி சாவிய வாங்கி அந்தப் பிளக்குலயே கயிறு போட்டுத் தொங்க உட்டுடுவேன். வண்டிய எடுக்கணுமா? சாவி வேணும். சாவி வேணுமா? சுவத்தாண்ட போவணும். போனா சுச்ச ஆஃப் பண்ணி பிளக்கப் புடுங்கிட்டுத்தான் வரணும். "டிரைவர் சாவி டிரைவர் இடுப்புலதான்டா இருக்கணும், சுவத்துல தொங்கறதுக்கு அது இன்னா காலண்டரா"ன்னு அவரு அன்னிக்கும் கத்திக்கினுதான் குடுத்தாரு.

மறுநாள் காலையில மேடம் அவசரமா எறங்கி வந்தாங்க. "வெயில் ஏறுறதுக்குள்ள ஏரி அந்தாண்ட போயி பறவைங்களப் பாக்கணும், வண்டிய எடுங்க"ன்னாங்க. நான் பாத்ரூம்ல. எதிர் வண்டி டிரைவர் தாவி ஏறி டக்குனு ஸ்டார்ட் பண்ணிட்டான். தேசிங்கு அண்ணன் சீட்டுல குந்தி பாக்கெட்டத் தடவறாரு, இடுப்பத் தடவறாரு. நான் வெளிய ஓடி வரவும், மேடம் அவரப் பாத்து, "உங்க வண்டியில சாவி கூடவா இல்ல?"ன்னு கேக்கவும் சரியா இருந்துச்சி. முடிஞ்சிதுடா, தண்ணி டேங்குதான்னு நெனச்சேன். தேசிங்கு அண்ணன் என்ன மொறச்சிக்கினே சுவத்தாண்ட ஓடுனாரு.

அப்ப எதிர் வண்டி நகந்துச்சி. நகந்துச்சா, அதும் ஒயரும் தரையிலேந்து எழுந்திரிச்சிக்கிச்சி. நான் "ஏய் ஏய்"ன்னு கத்துறதுக்குள்ள அது வீணைத் தந்தி மாதிரி விறைப்பாயி, சுவத்தோட அந்தக் கோடியில இருந்த போர்டு செங்கல்லு சிமெண்டோட பேத்துக்கினு வந்துச்சி. டமார்னு மெயின் சுச்சு ட்ரிப்பாயி கரண்டு கட்டு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா வண்டி முன்னாடி போவுது, போர்டு பின்னாடி கடகடன்னு குதிச்சிக்கினு போவுது, அதும் பின்னாடி லாட்ஜ் ஓனர் லுங்கியப் புடிச்சிக்கினு ஓடறாரு. மசாஜ் சீட்டுல இருந்த பார்ட்னருங்க ஜன்னல்ல தலைய நீட்டி அந்த ஊர்வலத்தப் பாத்தாங்க. சுவத்தோட இந்தக் கோடியில தேசிங்கு அண்ணன், ஒரு கையில நம்ம பிளக்கு, ஒரு கையில சாவி, வாயத் தொறந்தது மூடல. அந்த வண்டி நின்னதும் எல்லாரும் நம்ம வண்டியிலதான் ஏறிப் போயி பறவைங்களப் பாத்தாங்க. ஏறுற படியில தேசிங்கு அண்ணன் என் காதுல மட்டும் சொன்னாரு, "காலண்டர் நல்லாத்தான்டா கீது."

ஏரிக்கரையில நின்னுக்கினே மேடம் பாஸ்கர் அண்ணனுக்கு போனப் போட்டாங்க, ஸ்பீக்கர்ல. அந்தாண்டேந்து அண்ணன் பயந்துக்கினே "இன்னா மேடம், ஏதாவது கம்ப்ளெயிண்டா?"ன்னாரு. மேடம் என்ன ஒரு பார்வ பாத்துட்டு சொன்னாங்க: "ஆறு வண்டியும் நீங்களே கட்டுங்க பாஸ்கர், எல்லாத்துக்கும் ஒயரு இவனே பாக்கட்டும், ஆனா வழியெல்லாம் பேசிக்கினே வரான், இவன் வாய்க்கி மட்டும் ஒரு ட்ரிப் சுச்சு போட்டு அனுப்புங்க!"

ஆக, நம்ம தொழில்ல தோத்தவன் இருக்குற ஒரு ஒயர எறக்கி வெச்சிட்டு நிம்மதியா ஊட்டுக்குப் போவலாம், ஜெயிச்சவன்தான் இன்னும் ஆறு ஒயரத் தூக்கணும்.