டிரைவர் அடித்துப் பார்க்கிற அறை

கோல்ஃப் மட்டை விற்கிற கடையில் நிற்கிறவளை ஒருவரும் நம்புவதில்லை; மட்டையை அளந்து காட்டுகிற மெசினோடு நிற்கிறவளை அவளுடைய அம்மாவே நம்புவதில்லை.

நான் அந்த இரண்டாவது ஆள். வெள்ளவத்தையில் ஏ லெவல் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தவள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கோல்ஃப் கடைக்குக் கணக்குத் தெரிந்த, பொறுமையான ஆள் தேவை என்றார்கள். போனேன். கோல்ஃப் ஆடத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடையின் பின்பக்கத்தில் ஒரு ஏசி அறை. முன்னால் வலை, கீழே பச்சைக் கம்பளம், பந்துக்குப் பின்னால் சப்பாத்துப் பெட்டி அளவில் லோஞ்ச் மொனிட்டர் என்கிற மெசின். டிரைவர் என்பது கோல்ஃப் மட்டைகளிலேயே நீளமானது, தலை பெருத்தது, முதல் அடிக்கு எடுப்பது. வாங்க வருகிறவர் நாலைந்து டிரைவர்களால் மாறி மாறி வலைக்குள் அடிப்பார். வெளியில் என்றால் பந்து எவ்வளவு தூரம் பறந்திருக்கும் என்று மெசின் கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். அதை விளங்கப்படுத்துவது என் வேலை. ஆட்கள் கேட்டால் அம்மா இன்றைக்கும் "கொம்பியூட்டர் வேலை" என்றுதான் சொல்லுகிறா.

கவுண்டருக்கு உள்பக்கம் நின்று கால் வீங்குகிற என் இனத்தவர்களே, நீங்கள் மூக்குக்கண்ணாடி விற்றாலும் மெத்தை விற்றாலும் இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

மிச்ச தூரம்

மருதானையில் டயர் வியாபாரம் செய்கிற ஹாஜியார் ஒருவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வந்தார். நல்ல மனுசன், என்னை "மகள்" என்றுதான் கூப்பிட்டார். ஒரு டிரைவரை எடுத்து ஓங்கி அடித்தார். பந்து வலையில் பட்டு 'தொப்' என்று விழுந்தது. திரையில் இருநூறு யார், அதாவது இருநூறு கெஜம், என்று வந்தது. நான் கையைத் தட்டினேன்.

ஹாஜியார் தட்டவில்லை. மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு வலையடிக்குப் போனார். வலையைத் தூக்கிப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர். சுவரையும் ஒருதரம் தட்டிப் பார்த்தார். பிறகு வலையிலிருந்து பந்து வைத்த இடம் வரைக்கும் காலடியால் அளந்துகொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"மூணு யாருலதானே பந்து உழுந்திச்சு மகள். மிச்சம் நூத்தித் தொண்ணூத்தேழு யாரையும் ஆரு கண்ட?"

மூன்று மொழிப் பலகை

கடை வாசலில் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை வைக்கவேண்டும் என்று முதலாளி சொன்னார். தமிழை எழுதியவள் நான்தான், பழியை வேறு ஒருவர் மேலும் போட முடியாது. "உங்களுக்குப் பொருத்தமான டிரைவரை அடித்துப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்" என்று எழுதினேன். மூன்றாம் நாள் தெமட்டகொடையிலிருந்து ஒருவர் வந்து கவுண்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொக்கற்றில் லைசன்ஸ். உள்ளே இருந்து 'டொக், டொக்' என்று அடி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை கேட்க வந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் மாறிப்போய்ச் சொன்னார்: "இருபத்தெட்டு வருசமா வேன் ஓட்டுறேன் மிஸ். அடிச்சுப் பாத்துத்தான் எடுப்போம்னு எந்த மொதலாளியும் வாசல்ல போர்ட் போட்டதில்ல."

பழசும் புதுசும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வங்கி மனேஜரும் அவருடைய மனுசியும் வந்தார்கள். அந்த அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மனேஜர் தன்னுடைய பழைய டிரைவரையும் கொண்டு வந்திருந்தார். பழசை விடப் புதுசு நல்லது என்று மெசின் சொன்னால் வாங்கலாம், இல்லாவிட்டால் இல்லை என்று வீட்டில் ஒப்பந்தம்.

பழசால் ஐந்து பந்து அடித்தார். நூற்று அறுபது, நூற்று ஐம்பத்தைந்து. புதுசால் ஐந்து. நூற்று எண்பத்தைந்து, நூற்றுத் தொண்ணூறு. "பாத்தீரோ!" என்று மனுசியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மட்டும் விசயம் விளங்கிவிட்டது. மட்டை வருகிற வேகத்தையும் மெசின் தனியாகக் காட்டும். புதுசுக்குத் தொண்ணூற்றிரண்டு. பழசுக்கு எழுபத்தொன்பது. ஒரே கை, ஒரே மனுசன், ஐந்து நிமிட இடைவெளி. பழசால் அவர் வேண்டுமென்றே மெல்ல அடித்திருக்கிறார். அக்காவுக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே என்னைக் கும்பிட்டார்.

"தங்கச்சி, அந்த மேல இருக்கிற நம்பர் என்னது?" என்று அக்கா கேட்டா.

பொய் சொல்ல வரவில்லை. "மட்டை வாற வேகம் அக்கா" என்றேன். இரண்டு வேகத்தையும் காட்டச் சொன்னா. காட்டினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னா:

"எனக்கு நம்பர் தேவையில்லை தங்கச்சி. வீட்டில குப்பை வாளி தூக்கச் சொன்னாலும் இவர் இப்பிடித்தான் தூக்குறவர்."

நோகாது

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விசயம் இல்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு பல் டொக்டர். அதிர்ந்து கதைக்காத மனுசன். முதல் தரம் வந்தபோது தன்னுடைய பழைய டிரைவரால் அடித்துப் பார்த்தார். சராசரி நூற்று எண்பத்தெட்டு யார். அதை ஒரு கடதாசித் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்லுவதாகப் போனார். ஒன்றரை மாதம் கழித்து வந்து, பழசைக் கொண்டு வராமல், புதுசால் மட்டும் அடித்தார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது. பதினொரு யார் கூட. துண்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாங்கினார்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தார், டிரைவர் பெட்டியோடு. மைதானத்தில் பழசு போன இடத்துக்குத்தான் புதுசும் போகிறதாம். சத்தம் போடவில்லை. நான் ரியூசனில் சொல்லுகிற மாதிரி வெயில், காற்று, பந்து என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினேன். மெசினில் பிழை வராது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் வாயைத் திறக்கச் சொல்லிப்போட்டு நோகாது எண்டு சொல்லுறனான். அது பொய் எண்டு எனக்குத் தெரியும். இது பொய் எண்டு உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

நுவரெலியாக் காற்று

பார்த்துச் சொல்லுகிறேன் என்று டொக்டரைப் பெட்டியோடு அனுப்பிவிட்டு, அன்றைக்கே மெசினைச் சோதிக்கத் தொடங்கினேன். எங்கள் கடையில் முன்பக்கம் விற்பனைக்கு நிற்பவர் ருவன் அய்யே; அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணா. முந்தி மைதானத்தில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்தவர். அப்படியே பார்த்துப் பார்த்து ஆடப் பழகியவர். அவருடைய அடி ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். மெசின் வந்த நாளில் அவர் அடித்த பத்துப் பந்தின் சராசரியைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். இருநூற்று முப்பத்தொன்று. அதே மட்டையைக் கொடுத்துத் திரும்பப் பத்துப் பந்து அடிக்கச் சொன்னேன். இருநூற்று நாற்பத்தைந்து வந்தது. ஐம்பதை நெருங்குகிற மனுசனுக்குப் பலம் கூடுமா?

மெசினின் செட்டிங்கை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பந்தின் வகை சரி. வெப்பம் சரி. கடை இருக்கிற இடத்தின் உயரம் என்று ஒரு கட்டம் உண்டு. உயரம் கூடினால் காற்று மெல்லிசு, பந்து தூரம் போகும். அந்தக் கட்டத்தில் ஆறாயிரத்து இருநூறு அடி என்று இருந்தது. கடைக்கு முன்னால் போகிற காலி வீதியைக் கடந்து கீழே இறங்கினால் கடல். எங்கள் மெசின் மட்டும் மலைமேல் ஊரான நுவரெலியாவில் நிற்கிறது.

பூச்சியத்துக்கு இறக்கினேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் திரும்ப ஆறாயிரத்து இருநூறு. ஒவ்வொரு நாளும் நான் இறக்க, விடிந்தால் ஏறியிருந்தது. பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி, ருவன் அய்யே, நான். முதலாளி நெஞ்சில் ஒப்பரேசன் செய்துகொண்டு மூன்று மாதம் வீட்டில் இருந்தவர். இப்போது வந்தாலும் மேசை போட்ட தன் கந்தோர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. மிச்சம் யார்? டிரைவர் விற்றால் ருவன் அய்யேக்குக் கமிசனும் உண்டு. அந்தக் கிழமை அவரோடு தேநீர் குடிக்கப் போவதை நிறுத்தினேன். அவர் மெசின் பக்கம் வந்தால் நானும் ஏதாவது சாட்டுச் சொல்லி உள்ளே போனேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல், முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ருவன் அய்யே, நுவரெலியாவுக்குப் போயிருக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏன் மிஸ், அங்க எனக்கு டிரான்ஸ்பர் போடப் போறாங்களா?"

காலையில் ஒரு சத்தம்

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போகவேண்டிய கடைக்கு ஏழரைக்கே போனேன். வெள்ளவத்தையில் ரயில் ஏறும்போதே ருவன் அய்யேயிடம் என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே 'டொக்' என்று சத்தம்.

முதலாளி. மேல் பொத்தான் கழன்ற வெள்ளைச் சேர்ட். நெஞ்சில் தையல் போட்ட கோடு தெரிந்தது. ஒரு பந்து அடித்தார், நூற்று அறுபத்தெட்டு. இன்னொன்று, நூற்று எழுபது. மட்டையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு கொம்பியூட்டருக்குப் போய் ஏதோ தட்டிவிட்டு வந்து அடித்தார். நூற்று எண்பது. தனக்குள்ளே தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பினார், என்னைக் கண்டார். களவெடுத்த சின்னப் பிள்ளையின் முகம்.

ஒப்பரேசனுக்கு முன் இருநூற்றைத் தாண்டி அடித்தவராம். தான் அடித்து முடித்து மெசினை நிறுத்தினால் உயரம் தானாகவே இறங்கிவிடும் என்று நினைத்தாராம். எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் கொப்பியைத் திறந்து காட்டினேன். அவர் திரும்பி வந்த நாளிலிருந்து ஒன்பது பேர் டிரைவர் வாங்கியிருந்தார்கள். ஒன்பது பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் நாளைக்கு வரமாட்டேன் என்றேன். அப்படிச் சொல்லும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. முதலாளி மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"கூப்பிடு பிள்ளை. மெசின் பிழை எண்டு சொல்லு. இல்லை... நான்தான் மாத்தினனான் எண்டே சொல்லு. ஆனா நான் எத்தனை யார் அடிச்சனான் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை."

தேநீர்

ருவன் அய்யேயிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது? அவருக்கு நான் சந்தேகப்பட்டதே தெரியாது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கிழமை முழுக்க அவர்தான் களவு செய்கிறார் என்று நினைத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரித்தார்.

"அனே மிஸ், டீ குடிக்க வாறதும் இல்ல, நான் கிட்ட வந்தா ஓடுறதும். நான் நினைச்சது மிஸ்தான் மெசின மாத்துற எண்டு."

எந்த மிஸ்

ஒன்பது பேருக்கும் தொலைபேசி எடுத்தேன். மூன்று பேர் தங்களுக்குப் புதுசு நல்லாகத்தான் போகிறது என்றார்கள். நான்கு பேர் இன்னொரு டிரைவரைத் தலையில் கட்டுவதற்கு இது ஒரு புதுத் தந்திரம் என்று நினைத்து உடனே வைத்துவிட்டார்கள். ஒரு அம்மா, "சரி பிள்ளை, இனி மெசினைப் பூட்டி வையுங்கோ" என்று புத்தி சொன்னா. ஒன்பதாவது ஆள் பல் டொக்டர். அவர் மட்டும் வந்தார்.

உயரத்தைப் பூச்சியத்தில் வைத்து, அவருக்கே காட்டிவிட்டு, பழையதாலும் புதியதாலும் அடிக்கச் சொன்னேன். பழசு நூற்று எண்பத்தெட்டு. புதுசு நூற்று எண்பத்தேழு. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், முதலாளியின் யார்க் கணக்கைத் தவிர. முதலாளியே வந்து டிரைவரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, காசை இரண்டு கையாலும் கொடுத்தார். எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. டொக்டர் கைகுலுக்கினார், பழைய மட்டையைப் பையில் போட்டார், வாசல் வரைக்கும் போய் நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்டைக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது எண்டதும் நீங்கள்தான் மிஸ், இண்டைக்கு நூற்றெண்பத்தேழு எண்டுறதும் நீங்கள்தான். இதில எந்த மிஸ்ஸை நான் நம்புறது?"

இப்போதெல்லாம் மெசினைச் சந்தேகப்படுகிற ஆள் வந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அதை முழுசாக நம்பிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால்தான் உள்ளங்கை வியர்க்கிறது.