எழுபத்தொன்றுக்குக் கீழே

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, 1991-ஆம் வருடம் நான் ஜெபிக்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்தேன். திருச்சுழிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர் வேலை. பகலெல்லாம் தொண்டை வறளக் கத்திவிட்டு வந்தால், குழாயடியில் குடத்தோடு நிற்க வேண்டும். மதுரையில் எம்.எஸ்சி. தாவரவியல் சேர்ந்துவிட்டால் விடிவு வரும் என்று நம்பி நுழைவுத் தேர்வு எழுதினேன். அறுபத்துமூன்று வந்தது.

முந்தின வருடம் சேர்ந்தவர்களின் சராசரி எழுபத்தொன்று என்று கல்லூரிக் கையேட்டில் போட்டிருந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு மூடி வைத்தார். அப்பா இல்லாத வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு.

“அவுக கேக்குறது எழுபத்தொண்ணு தாயி. ஒனக்கு எட்டு கொறையுது. விண்ணப்பம் போட்டு என்ன ஆகப்போகுது? பந்தல்குடிக்காரவுகளுக்கு ஞாயித்துக்கெழம சரின்னு சொல்லிருவோம்.”

பந்தல்குடிக்காரர்கள் என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள். நல்ல குடும்பம்தான். ஆனால் படித்தவரைக்கும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் சொன்னதை நானும் அப்படியே நம்பினேன். அச்சடித்து வந்த மார்க்கைக் கூட்டித் தரும்படி கர்த்தரிடம் கேட்டேன் என்றால், எந்த நிலையில் இருந்தேன் என்று பாருங்கள். சில நாள் முழங்காலில் இருந்தபடியே தூங்கியும் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்தி, வகுப்புச் சராசரி போட உட்கார்ந்தேன். மார்க்கை எல்லாம் கூட்டி, பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தேன். ஐம்பத்திரண்டு வந்தது. அதற்குக் கீழே நாற்பது, நாற்பத்தைந்து என்று எத்தனையோ பிள்ளைகள். அவர்களுக்கெல்லாம் பாஸ் போட்டதே நான்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சேர்ந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் எழுபத்தொன்றா எடுத்திருப்பார்கள்? கூட எடுத்தவர்கள் இருந்தால் குறைய எடுத்தவர்களும் இருக்கத்தானே வேண்டும்? வருடம் தவறாமல் இதைச் சொல்லிக் கொடுத்துக் கூலி வாங்குகிறவள் நான். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் அழுதுவிட்டேன். மார்க்கைக் கேட்டவளுக்கு ஆண்டவர் புத்தியைக் கொடுத்தார்.

அண்ணனிடம் அந்தக் கணக்கையே போட்டுக் காட்டினேன். அப்படியானால் சீட்டு நிச்சயமா என்று கேட்டார். நிச்சயமில்லை, ஆனால் அந்த எழுபத்தொன்று எனக்குக் கதவைச் சாத்தவில்லை என்றேன். மூடி வைத்த கையேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“சரி, திங்கக்கெழம மதுரைக்கு நானும் வாரேன். பந்தல்குடிக்கு அப்பறமா சொல்லிக்கிருவோம்.”

கடைசிப் பட்டியலில் என் பெயர் வந்தது. அடுத்த வருடக் கையேட்டில் சராசரி எழுபது என்று இறங்கியிருந்தது. அதை இறக்கியவர்களில் நானும் ஒருத்தி, ஸ்தோத்திரம். இன்று ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இப்போதும் சாயங்காலமானால் கால் வலிக்கிறது. ஆனால் களைப்போடு படுத்தாலும் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஏதோ ஓர் எண்ணைப் பார்த்து ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களே, சபையில் ஜெபத்துக்கும் விண்ணப்பம் என்றுதான் பெயர், கல்லூரி ஆபீஸில் கொடுப்பதற்கும் அதே பெயர்தான். இரண்டையும் போடுங்கள். என்னைப்போல் தப்பாகக் கேட்டாலும் அவர் சரியாகத்தான் கொடுப்பார்.