அப்பா கடலுக்குப் போயிருக்காவ

பத்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு நூலகத்து அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும்போது, பக்கத்தைத் திருப்பும் முன் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்.

என் கணவர் வள்ளம் கவிழ்ந்து இறந்தார், உடல் கிடைக்கவில்லை. மகளிடம், "அப்பா கடலுக்குப் போயிருக்காவ" என்றே சொல்லிவந்தேன். எங்கள் கரையில் அப்படிச் சொன்னால், திரும்பி வருவார் என்று அர்த்தம். அதனால் வாசலில் கிடந்த அவர் செருப்பை யாரையும் அவள் தொட விடவில்லை.

ஒருநாள் அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். அன்றைய கதையில் அப்பா அணில் சாகும் பக்கம் வந்தது.

"அந்தப் பக்கத்த விட்ருங்கம்மா" என்றேன் பதறி.

அவர் என் மகளைப் பார்த்தார். "நீ சொல்லுளா, விட்ரவா?"

"வாசிங்க."

வாசித்தார். குட்டி அணில் அழுதது. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அப்பாவும் செத்துட்டாவளா?"

அந்த அம்மா புத்தகத்தை மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

நானும் மகளும் அழுது முடித்தபின், "அழுதா பசிக்கும்லா, பிள்ளைக்குச் சோறு போடு" என்றார். கூச்சத்தில் நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் மகள் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.